பாட்டுக்கு வேலை கொடுத்த ஊர்கள்

1969-இல் வெளிவந்த ‘ஆராதனா’ தமிழ்நாட்டில் இந்தியிலேயே ஓடியது. இந்தித் திணிப்பை எதிர்த்து 1965-இல் மாணவர்கள் தெருவில் இறங்கி நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்தக் கொந்தளிப்பில் 1967-இல் ஆட்சியே மாறியிருந்தது. அதே தலைமுறைதான் அந்தப் படத்தின் எஸ். டி. பர்மன் மெட்டுகளை முணுமுணுத்துக்கொண்டு திரிந்தது. 1974-இல் அந்தப் படம் ‘சிவகாமியின் செல்வன்’ என்று தமிழில் மறுபடி எடுக்கப்பட்டது. நாயகன் விழுப்புரத்தில் பிறந்த சிவாஜி கணேசன். எம். எஸ். விஸ்வநாதன் பர்மனின் மெட்டுகளைத் தொடாமல் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டார். கதை தமிழாக வேண்டியிருந்தது; பாட்டோ யாரும் தமிழாக்காமலே ஐந்து ஆண்டு முன்னதாக வந்து சேர்ந்துவிட்டது.

அர்த்தம் புரியாத பாட்டு ஏன் இப்படி வந்து ஒட்டிக்கொள்கிறது? எல்லாப் பாட்டும் ஏன் ஒட்டுவதில்லை? இசை ஆய்வாளர், திரைப்பட வரலாறு எழுதுபவர், கேசட் வியாபாரி என்று ஆளுக்கொரு விடை வைத்திருக்கிறார்கள். அந்த விடைகளை விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வைத்து உரசிப் பார்க்கிறது இந்தக் கட்டுரை. இந்த இரண்டு ஊரையும் எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. விழுப்புரம் ஜங்ஷனில் சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று தண்டவாளங்கள் பிரிகின்றன. திண்டிவனத்தில் திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து ஒரு சாலை புதுச்சேரிக்கும் இன்னொன்று செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் போகிறது. சினிமா ஸ்டுடியோவோ இசைத்தட்டுக் கம்பெனியோ இங்கே இருந்ததில்லை. இவை பாட்டை வாங்கிக்கொண்ட ஊர்கள். பாட்டின் பயணம் பற்றிய எழுத்தெல்லாம் பெரும்பாலும் அனுப்பிய ஊரிலிருந்து எழுதப்படுகிறது. வாங்கிய ஊரிலிருந்து பார்த்தால் கணக்கு வேறாக விழுகிறது.

இசைக்கு மொழியில்லையா?

முதல் விடை எல்லோருக்கும் தெரிந்தது: இசைக்கு மொழியில்லை. இதில் பாதி உண்மை இருப்பதை ஆய்வும் காட்டுகிறது. சாமுவேல் மேர் தலைமையில் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2018-இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். உலகெங்கும் உள்ள 86 சிறு சமூகங்களின் பாட்டுகளிலிருந்து 14 நொடித் துண்டுகளை எடுத்து, 60 நாடுகளைச் சேர்ந்த 750 பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். இது எதற்கான பாட்டு என்று கேட்டார்கள். தாலாட்டையும் ஆட்டப் பாட்டையும் கேட்டவர்கள் நன்றாகவே அடையாளம் கண்டார்கள். காதல் பாட்டில் தடுமாறினார்கள்.

நமக்கு இந்தத் தடுமாற்றம்தான் முக்கியம். தாளம் உடம்புக்குப் புரிகிறது. தாலாட்டின் இழுவை எந்த ஊர்க் குழந்தைக்கும் பொருந்துகிறது. சினிமாப் பாட்டோ பெரும்பாலும் காதலைப் பாடுவது. காதல் என்று காதால் மட்டும் கண்டுகொள்ள முடியாத ஒன்று எப்படி எல்லை தாண்டியது? திரையில் ஒரு முகம், ஒரு கதை, ஒரு மழைக்காட்சி அதைத் தூக்கிக்கொண்டு வந்தன. இசைக்கு மொழியில்லை என்று சொல்பவர்கள் அந்தத் துணையைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

இந்த விடைக்கு எதிரான வலுவான சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி ஏறக்குறைய 40 கிலோமீட்டர். 1954 நவம்பர் வரை அங்கே பிரெஞ்சு ஆட்சி. இந்தப் பக்கத்து ஜனங்கள் சந்தைக்கும் வேலைக்கும் கல்யாணத்துக்கும் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்தார்கள். இருந்தும் இங்கே ஒரு கல்யாண ஊர்வலத்தில் பிரெஞ்சுப் பாட்டு வாசிக்கும் வழக்கம் வந்ததில்லை. 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து போட்டுத் தொடங்கிய ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே பல நாட்டு இசை கேட்கிறது. திண்டிவனம் பஸ் நிலையத்து டீக்கடைக்கு அது வந்து சேரவில்லை. பக்கத்தில் இருப்பதும் பழகுவதும் மட்டும் போதாது என்பது தெளிவு. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பம்பாய்ப் பாட்டு வந்தது. கடல் தாண்டிச் சிங்களப் பாட்டு வந்தது. பக்கத்து ஊர்ப் பிரெஞ்சு வரவில்லை.

கொழும்பு வழியாக வந்த கோடம்பாக்கம்

இரண்டாவது விடை: வழி இருந்தால் பாட்டு வரும். வானொலி, இசைத்தட்டு, கேசட், இணையம் என்று வழி மாற மாறப் பயணமும் மாறியது என்பார்கள் ஊடக ஆய்வாளர்கள். இதற்கு நம் பக்கத்தில் கிடைக்கும் உதாரணம் இலங்கை வானொலி.

1952-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி அகில இந்திய வானொலியில் அதை ஒடுக்கினார். நேயர்கள் முள்ளைத் திருப்பினார்கள். கொழும்பிலிருந்து வந்த வர்த்தக ஒலிபரப்பு இந்திக்கு அமீன் சயானியையும், தமிழுக்கு மயில்வாகனனையும் பிற்பாடு கே. எஸ். ராஜாவையும் பி. எச். அப்துல் ஹமீதையும் வீட்டுக்குள் கொண்டுவந்தது. தமிழ்நாட்டின் கிழக்குப் பகுதி ஊர்களில் அந்த ஒலி தெளிவாகக் கிடைத்தது. கோடம்பாக்கத்தில் பதிவான பாட்டு இசைத்தட்டாகக் கொழும்பு போய், அங்கிருந்து காற்றில் ஏறி, கோடம்பாக்கத்திலிருந்து 160 கிலோமீட்டரே தள்ளியிருந்த விழுப்புரத்துக்கு வந்தது. 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கியதற்குக் கொழும்புக்குப் போன நேயர்களைத் திருப்பிப் பிடிப்பதும் ஒரு காரணம். சொந்த நாடு கதவைச் சாத்தியதால் பாட்டு அயல்நாட்டுப் பாட்டாகித் திரும்பி வந்த விநோதம் இது.

இலங்கையோடு இருந்த அந்தப் பழக்கத்தில்தான் ‘சுராங்கனி’யும் வந்தது. சிலோன் மனோகர் என்று நம் ஊர் அழைத்த ஏ. ஈ. மனோகரன் பாடிய பாட்டு. சிங்களச் சொற்கள், பைலாத் தாளம். 1505-இல் இலங்கைக்கு வந்த போர்த்துகீசியரும் அவர்களோடு வந்த ஆப்பிரிக்கர்களும் விட்டுச்சென்ற ஆட்ட இசையிலிருந்து வளர்ந்தது பைலா. 1977-இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். பிறகு அது கல்லூரி விழாவுக்கும் சுற்றுலா பஸ்ஸுக்கும் சொந்தமானது.

பிரெஞ்சு வராதபோது பைலா ஏன் வந்தது? பைலா ஆறு எட்டுத் தாளத்தில் நடப்பது. நம் கும்மியிலும் தெம்மாங்கிலும் பம்பை உடுக்கை அடியிலும் கேட்கிற திஸ்ர நடைக்கு அது நெருங்கிய உறவு. காலுக்குத் தெரிந்த நடை, வாய்க்குத் தெரியாத சொல். தெரிந்ததும் தெரியாததும் இந்த அளவில் கலந்திருந்தால் புதுமை மிரட்டாது, பழமை சலிக்காது. வழி முக்கியம்தான். ஆனால் அதே வழியில் வந்த எத்தனையோ பாட்டு மறந்துபோயிற்று. வழி, பாட்டை வாசல் வரைக்கும்தான் கொண்டுவிடுகிறது.

உலகாபுரத்துக் கவிஞர்

வாசலைத் திறந்துவிடுபவர்களைப் பற்றி ஆய்வுகள் குறைவாகவே பேசுகின்றன. அப்படி ஒருவர் திண்டிவனத்துக்காரர். கம்பதாசன், திண்டிவனத்தை அடுத்த உலகாபுரத்தில் 1916-இல் பிறந்தவர். 1973-இல் மறைந்தார். நாடகத்திலிருந்து சினிமாவுக்கு வந்த கவிஞர். நேரடித் தமிழ்ப் படங்களுக்கும் எழுதினார். ஆனால் எல்லை தாண்டிய பாட்டின் வரலாற்றில் அவர் இடம், இந்தியிலிருந்து தமிழுக்கு மாற்றப்பட்ட படங்களில் இருக்கிறது.

ராஜ் கபூரின் ‘ஆ’ 1953-இல் ‘அவன்’ என்று தமிழ் பேசியது. சங்கர் ஜெய்கிஷன் மெட்டுகளுக்குக் கம்பதாசன் தமிழ் எழுத, ஏ. எம். ராஜாவும் ஜிக்கியும் பாடினார்கள். படத்தைப் பார்த்திராதவர்களும் அந்தப் பாட்டுகளை இன்றும் பாடுகிறார்கள். அவை டப்பிங் பாட்டுகள் என்று பலருக்குத் தெரியாது. 1956-இல் ‘உரன் கடோலா’ ‘வானரதம்’ ஆனது. நௌஷாத் இசையில், கம்பதாசன் வரிகளை லதா மங்கேஷ்கரே தமிழில் பாடினார்.

இந்த வேலையை நெருங்கிப் பார்த்தால் அதன் கடினம் தெரியும். சொந்த மெட்டுக்கு எழுதும் கவிஞர், இசையமைப்பாளரிடம் ‘ஒரு அசை கூட்டுங்கள்’ என்று கேட்கலாம். டப்பிங் பாட்டில் மெட்டும் முடிந்தது, படமும் முடிந்தது. ‘தான தனத் தானனா’ என்று தத்தகாரம் போட்டுச் சந்தம் பிடித்தால் பாதி வேலைதான் ஆகும். திரையில் நாயகி உதடு மூடும் இடத்தில் ப, ம விழ வேண்டும். அவள் வாய் திறந்து இழுக்கும் இடத்தில் ஆ, ஏ போன்ற நெடில் வேண்டும். இந்திச் சொல் பல இடங்களில் நெடிலில் முடியும். தமிழ்ச் சொல்லோ ன், ர், ள் என்று மெய்யில் வந்து நிற்கும். விளிச்சொல்லும் ஏவல் வினையும் கவிஞருக்குக் கைகொடுப்பது இதனால்தான். அன்பே, ராஜா, வா என்று அழைப்பாக அழைப்பாக அந்தக் காலத்து டப்பிங் பாட்டுகள் இருப்பதற்கு உணர்ச்சி மட்டும் காரணமில்லை, உதடும் காரணம். இத்தனை கட்டுக்குள்ளும் கேட்பவர் காதில் ‘இது மாற்றியது’ என்று தட்டாமல் எழுத வேண்டும்.

இங்கே ஒரு முரண் எழுகிறது. 1960-இல் வந்த ‘முகல்-ஏ-ஆஸம்’ 1961-இல் ‘அக்பர்’ என்று தமிழாக்கப்பட்டது. அதற்கும் நௌஷாத்தான், அதற்கும் கம்பதாசன்தான். தமிழில் பாடியவர்களில் பி. சுசீலாவும் உண்டு. படம் தோற்றது. அந்தத் தோல்வியைப் பார்த்து ஆங்கிலத்தில் வெளியிடும் எண்ணத்தையே தயாரிப்பாளர்கள் கைவிட்டார்கள். மெட்டில் குறையில்லை, பாடியவர் குரலில் குறையில்லை, எழுதியவர் கையும் பழையதுதான். 1953-இல் தமிழில் ஏறிய பாட்டு 1961-இல் ஏன் ஏறவில்லை?

வாங்கும் ஊரைப் பார்த்தால் ஒரு விடை தென்படுகிறது. 1953-இல் தமிழ்ப் படப் பாட்டு பெரும்பாலும் கனத்த ராகப் பாட்டாகவோ நாடகமேடைப் பாட்டாகவோ இருந்தது. இரண்டு இளைஞர் மெல்ல மனம்விட்டுப் பேசுவதுபோன்ற எளிய காதல் மெட்டுக்கு ஒரு காலியிடம் இருந்தது. ‘அவன்’ அங்கே உட்கார்ந்தது. 1961-இல் விழுப்புரத்துக்காரரான சிவாஜி நடித்து ‘பாவ மன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ மூன்றும் ஒரே ஆண்டில் வந்தன. மூன்றுக்கும் விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை, கண்ணதாசன் பாட்டு. அந்தக் காலியிடம் நிரம்பிவிட்டிருந்தது. ‘அக்பர்’ தோற்றதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். அதன் பாட்டுகளாவது தனியே நின்றிருக்க வேண்டும் அல்லவா? நிற்கவில்லை. செய்வதற்கு அவற்றுக்கு இங்கே வேலை இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான்: பாட்டு எல்லை தாண்டுவது அதன் இனிமையால் மட்டும் ஆவதில்லை. வந்து சேரும் ஊரில் அதற்கு ஒரு வேலை காத்திருக்க வேண்டும். அந்த வேலையில் அதைச் சேர்த்துவிட ஓர் உள்ளூர்க் கை வேண்டும்.

‘ஆராதனா’வுக்கு இருந்த வேலையும் இப்போது புரிகிறது. அன்றைய சிற்றூரில் தமிழ்க் காதல் பாட்டை ஒரு பையன் தெருவில் பாடினால் யாருக்காகப் பாடுகிறான் என்று வீடு வீடாகக் கேள்வி எழும். இந்தியில் பாடினால் பாட்டு மட்டும்தான் கேட்கும். அர்த்தம் தெரியாததே அங்கே வசதி. இந்தியை ஆட்சிமொழியாக எதிர்த்ததற்கும் இதற்கும் மோதலே இல்லை. அலுவலகத்திலும் பள்ளியிலும் மறுக்கப்பட்ட மொழி, முணுமுணுப்பில் இடம்பிடித்தது.

சோவியத் நாட்டுக்கும் இது பொருந்தும். 1954-இல் அங்கே திரையிடப்பட்ட ‘ஆவாரா’வின் பாட்டு தெருத்தெருவாகப் பரவியது. போரில் தகப்பனை இழந்த பிள்ளைகள் நிறைந்த நாட்டில், வீடற்ற ஒருவன் துள்ளலாகப் பாடுவதற்குப் பெரிய வேலை இருந்தது.

மெட்டைத் தூக்கிச் சென்ற கைகள்

உள்ளூர்க் கை என்பது சினிமாவோடு தொடங்கியதில்லை. முத்துசுவாமி தீட்சிதர் சென்னைப் பக்கத்தில் கேட்ட ஆங்கிலப் பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருத வரி எழுதினார். சுமார் 40 உருப்படிகள் ‘நோட்டுஸ்வரம்’ என்று நிற்கின்றன. பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டும் அவற்றில் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் கம்பெனிகள் தெற்கே வந்தன; ‘பார்சி மெட்டு’ நம் மேடையில் தனி இனமே ஆனது. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக மரபிலும் அது கலந்தது. அவர் 1922-இல் மறைந்தது புதுச்சேரியில். பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்த சிவாஜி தலைமுறை அந்த மெட்டுகளைச் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்தது. அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ‘வர்ணமெட்டு’ என்று ஒரு தெரிந்த பாட்டின் பெயரை அச்சிட்டிருப்பார்கள். ஸ்வரக் குறிப்பு தெரியாதவரும் உடனே பாடிவிடலாம்.

விழுப்புரம் வட்டாரத்துத் தெருக்கூத்திலும் இதே வேலை நடக்கிறது. முகவீணை, மிருதங்கம், தாளத்தோடு உட்காரும் ஆர்மோனியம் பாரிஸில் 1840-களில் பிறந்த கருவி. பாரதக் கதையின் பாட்டு பழைய தருவில் போகும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்தால் விதி தளர்கிறது. அந்த ஆண்டு ஓடும் சினிமா மெட்டை எடுத்து ஊர் வம்பை அதில் ஏற்றுவான். கௌரவர் சபையில் கோடம்பாக்கத்து மெட்டும் பம்பாய் மெட்டும் நுழையும் கதவு அவன்தான்.

கூத்துப் பாட்டே கடல் கடந்ததும் உண்டு. 1860-இலிருந்து நேட்டாலுக்கும், அதற்கு முன்பே ரீயூனியனுக்கும் மொரீஷியஸுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களில் ஆர்க்காட்டுச் சீமைக்காரர்களும் பாண்டிச்சேரிப் பக்கத்தவர்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் தெருக்கூத்துக்கு ‘ஆறடி ஆட்டம்’ என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயர் விழுந்தது; ரீயூனியனில் அது ‘பால் தமூல்’ ஆனது. அங்கே திரௌபதிக்குத் தீமிதிக்கும் வழக்கமும் தொடர்கிறது. ஆனால் அந்தப் பாட்டு சமூகத்தோடு போய்ச் சமூகத்துக்குள்ளேயே நின்றது. ஜூலுக்காரரோ பிரெஞ்சுக்காரரோ அதை எடுத்துப் பாடியதாகச் சொல்ல முடியாது. மனிதரோடு போகும் பாட்டு ஒன்று. மனிதர் போகாமலே போகும் பாட்டு இன்னொன்று. முன்னதைச் சடங்கு காப்பாற்றுகிறது. பின்னதை யாரோ ஒருவர் இறக்கி வைக்க வேண்டும்.

சித்திரையில் விழுப்புரம் பக்கத்தில் இந்த இரண்டு வகையும் ஒருசேரத் தெரியும். கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு நாடெங்குமிருந்து வரும் திருநங்கையர் பலர் விழுப்புரத்தில்தான் தங்குகிறார்கள். மேடை நிகழ்ச்சிகளும் அழகிப் போட்டிகளும் அங்கேயே நடக்கின்றன. மும்பையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தவர்கள் ஆடும்போது இந்தி, தெலுங்கு, கன்னடம், தமிழ் என்று பாட்டு மாறிக்கொண்டே இருக்கும். பார்க்க வந்த கூட்டத்துக்கு எந்த மொழி என்பது ஒரு பொருட்டில்லை. கூத்தாண்டவரான அரவானுக்குத் தாலி அறுக்கும் ஒப்பாரி மட்டும் தன் மண்ணின் முறையிலேயே நடக்கிறது.

பணம், பலம், அலைபேசி

மூன்றாவது விடை ஒன்று உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. பெரிய சந்தை, பெரிய நிறுவனம், பெரிய மொழி எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் பாட்டு இறங்கும் என்கிறது அது. இந்தியிலிருந்து தமிழுக்கு வந்த அளவு தமிழிலிருந்து இந்திக்குப் பல காலம் போகவில்லை. 1992-இல் ‘ரோஜா’ வந்த பிறகே ஓட்டம் திரும்பியது. அப்போதும் ஏ. ஆர். ரகுமானின் மெட்டு தனியாகப் போகவில்லை. பி. கே. மிஸ்ரா என்ற கவிஞர் வைரமுத்துவின் இடத்தில் உட்கார்ந்து இந்தி எழுதினார். கம்பதாசன் செய்த வேலையை மறுதிசையில் செய்தார். பலமுள்ள பக்கம் வழியைக் கட்டுப்படுத்துகிறது என்பது சரி. ஆனால் 1963-இல் கியூ சகாமோட்டோவின் ஜப்பானியப் பாட்டு, ஜப்பானிய மொழியிலேயே அமெரிக்க வரிசையில் முதலிடம் பிடித்ததைப் பலத்தால் விளக்க முடியாது. 2011 நவம்பர் 16 அன்று ‘3’ படத்துக்காக அனிருத்தும் தனுஷும் வெளியிட்ட கொலவெறிப் பாட்டையும் முடியாது. உடைந்த ஆங்கிலத்தில் இருந்ததால் அதை யாரும் தம் மொழியில் உடைத்துப் பாட முடிந்தது. ஊருக்கு ஊர் தன் நகலைச் செய்தது. கேட்பவருக்கே வேலை கொடுத்த பாட்டு அது.

2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ இன்னொரு வகை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி தலைமுறையின் கதையைப் பாடகர் அறிவு அதில் வைத்தார். ஒப்பாரிச் சாயலும் துள்ளல் தாளமும் சேர்ந்ததால், கதை தெரியாதவரும் ஆடினார்கள், தெரிந்தவர் கதையையும் கேட்டார்கள்.

பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன் விழுப்புரம், திண்டிவனம் பஸ் நிலையங்களை ஒட்டிய செல்போன் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவார்கள். எந்தப் பாட்டு என்று பலர் சொல்வதில்லை. ‘குத்துப் பாட்டு போடுங்க’, ‘சோகப் பாட்டு போடுங்க’, ‘பழைய இந்தி கொஞ்சம்’ என்று கேட்பார்கள். கடைப் பையன் தேர்ந்தெடுப்பான். அந்த வட்டாரத்தில் அடுத்த மாதம் எது ஒலிக்கும் என்பதில் அவனுக்கும் ஒரு பங்கு இருந்தது. இன்று அந்த இடத்தில் ரீல்ஸ் இருக்கிறது. முப்பது நொடித் துண்டுகளாக மலையாளமும் கொரியனும் ஒரே விரலசைப்பில் வருகின்றன. வேகம் கூடியிருக்கிறது. வருவது வேறு, தங்குவது வேறு. பார்த்துத் தள்ளிய துண்டை எல்லை தாண்டிய பாட்டு என்று எண்ணிவிடக் கூடாது.

தங்கியதா என்று பார்க்க ஓர் அளவுகோல் சொல்லலாம். வெளியூர்ப் பாட்டை உள்ளூர் ஆள் தன் கருவியில், தன் தேவைக்கு வாசிக்கிறாரா? மாப்பிள்ளை அழைப்பில் பேண்டு செட் அதை டிரம்பெட்டில் எடுக்கிறதா? கோயில் திருவிழா மெல்லிசைக் கச்சேரியில் நேயர் சீட்டில் அதன் பெயர் வருகிறதா? கட்டியங்காரன் அதில் வம்பு கட்டுகிறானா? இவற்றில் ஒன்றுக்காவது ஆம் என்றால் அந்தப் பாட்டு குடியேறிவிட்டது. கோடிக்கணக்கான பார்வை எண்ணிக்கை அந்தச் சாட்சிக்கு ஈடாகாது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு வரலாறு எழுதினால் பெயர்ப்பட்டியல் மாறும். இசையமைப்பாளரும் பாடகரும் நடிகரும் ஏற்கெனவே புத்தகங்களில் இருக்கிறார்கள். உதடு பார்த்துச் சொல் கோத்த டப்பிங் கவிஞர், பேண்டு மாஸ்டர், ஆர்மோனியக்காரர், மைக் செட்காரர், கேசட்டில் பாட்டு பதிந்து கொடுத்த கடைக்காரர் இவர்களுக்கு அதில் இடமில்லை. இவர்களில் மூத்தவர்கள் இன்றும் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இருக்கிறார்கள். எந்த ஆண்டு எந்த மொழிப் பாட்டை யார் கேட்டு வாசித்தார்கள் என்பது அவர்கள் நினைவில் இருக்கிறது. நம் பல்கலைக்கழகங்களின் இசை, நாட்டார் வழக்காற்றியல் துறைகள் அந்த நினைவைப் பதிவு செய்யத் தொடங்கினால், பாட்டு ஏன் எல்லை தாண்டுகிறது என்ற கேள்விக்கு ஊகத்தை விட்டுச் சான்றோடு விடை சொல்லலாம். அதுவரை ‘இசைக்கு மொழியில்லை’ என்பது ஆராயாமல் நழுவிக்கொள்ள நாம் சொல்லும் சமாதானமாகவே இருக்கும்.